ஏழு ஷெங் தண்ணீர்: பழைய சீனக் கஷாயக் குறிப்பை லிட்டருக்கு மாற்றியதில் நேர்ந்த பிழைகள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தைவானில் ஒரு சிறிய மருத்துவ வரலாற்றுக் கண்காட்சிக்கான ஏற்பாட்டில் நடந்தது இது. பழைய மருத்துவக் குறிப்புகளைப் பார்வையாளருக்குப் புரிகிற அளவுகளில் தருவதுதான் நோக்கம். வேலை நான்கு பேரிடம் இருந்தது: பொறுப்பாளர், மொழிபெயர்ப்பாளர், மருந்தாளர், பலகைகளை வடிவமைக்கும் வரைகலைஞர்.

முதன்மைப் பலகைக்கு எடுத்துக்கொண்டது சீன மருத்துவர் சாங் சோங்ஜிங்கின் ‘ஷாங்ஹான் லுன்’ நூலில் வரும் ‘குய்ஷி தாங்’ என்ற கஷாயம். நூல் கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தது, ஹான் ஆட்சியின் கடைசிக் கட்டம். சரக்குகள் ஐந்துதான்: காசியா மரத்தின் சிறு கிளை 3 லியாங், பியோனி வேர் 3 லியாங், அதிமதுரம் 2 லியாங், இஞ்சி 3 லியாங், உலர்ந்த சீன இலந்தை 12 பழம். 7 ஷெங் தண்ணீர் விட்டு, சிறு தீயில் 3 ஷெங்காகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாக 1 ஷெங் குடிக்க வேண்டும். சற்று நேரம் கழித்து 1 ஷெங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சூடான நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும்.

லியாங் எடையளவு, ஷெங் முகத்தலளவு. 10 ஷெங் ஒரு தோ. ஷெங்கில் பத்தில் ஒன்று கே. இந்தப் பத்தின் மடங்கு வரிசை இரண்டாயிரம் ஆண்டாகப் பெரிதாக மாறவில்லை. மாறியது அந்தப் பெயர்களைத் தாங்கிய பாத்திரங்கள்.

முதல் வரைவு

மொழிபெயர்ப்பாளர் இணைய மாற்றியில் ‘1 ஷெங்’ என்று போட்டார்; ‘1 லிட்டர்’ என்று வந்தது. 7 ஷெங் 7 லிட்டர் ஆனது, 3 ஷெங் 3 லிட்டர் ஆனது. எடைக்கு மருந்தாளரைக் கேட்டார். இன்றைய மருத்துவர்கள் இந்தக் குறிப்பை எழுதும் வழக்கப்படி 3 லியாங்குக்கு 9 கிராம் என்று அவர் சொல்ல, அது அப்படியே பலகையில் ஏறியது. இரண்டு பதிலுமே தனித்தனியாகப் பார்த்தால் பொய் இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாற்றி தந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1929-இல் நான்ஜிங் அரசு அளவைச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. 1930 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயர்களை விட்டுவிடாமல் மெட்ரிக்கோடு எளிதாகப் பொருத்தினார்கள்: 1 லிட்டர் 1 சந்தை ஷெங்; எடையில் 1 கிலோ 2 சந்தை ஜின்; நீளத்தில் 1 மீட்டர் 3 சந்தை ச்சி. ஆகவே ‘1 ஷெங் = 1 லிட்டர்’ என்பது 1930-க்குப் பிந்தைய சந்தைக்குத் துல்லியமான விடை. கி.பி. 200-இல் அடுப்பில் ஏறிய சட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்கே பிடிபட்டது

கண்காட்சியில் கஷாயம் காய்ச்சிக் காட்டும் செய்முறையும் இருந்தது. பார்க்க மட்டும், குடிக்க அல்ல. அதற்காக வாங்கி வந்த மண்சட்டி 3 லிட்டர் பிடிக்கும். செய்முறைத் தாளைப் படித்த உதவியாளர், “இதில் ஏழு லிட்டர் எப்படி ஊற்றுவது?” என்று கேட்டார். முதலில் பெரிய சட்டி வாங்கத்தான் முடிவு செய்தார்கள். கேள்வியைச் சட்டியிடமிருந்து எண்ணுக்குத் திருப்பியவர் மருந்தாளர்.

அவர் கவனித்தவை மூன்று. ஒரு வேளைக்கு 1 லிட்டர் கஷாயம், உடனே 1 லிட்டருக்கு மேல் கஞ்சி. காய்ச்சலில் படுத்திருப்பவர் இரண்டு லிட்டரை உள்ளே தள்ள முடியாது. இரண்டாவது, சரக்குகளின் எடை: 9, 9, 6, 9 கிராம், இலந்தை பழத்துக்குச் சுமார் 3 கிராம் என்று 36, மொத்தம் 69 கிராம். அதற்கு 7 லிட்டர் என்றால் தண்ணீர் நூறு மடங்கு. இன்றைய கஷாயத்தில் சரக்கின் எடைக்கு ஐந்து முதல் பத்து மடங்குதான் ஊற்றுவார்கள். மூன்றாவது, அதே நூலின் ‘சியாவ் சாய்ஹூ தாங்’ 12 ஷெங் தண்ணீர் கேட்கிறது. அதை 6 ஷெங்காகச் சுண்ட வைத்து, வடிகட்டி, மறுபடி 3 ஷெங்காகக் காய்ச்ச வேண்டும். 12 லிட்டர் என்றால் அது வீட்டு அடுப்பில் நடக்கிற காரியம் அல்ல.

தவறிய இரண்டு திருத்தங்கள்

முதல் யோசனை பொறுப்பாளருடையது. தைவானில் முதியவர்கள் ‘ஒரு ஷெங் அரிசி’ என்றால் 1.8 லிட்டர் அளவைச் சொல்வார்கள். அதுதான் உள்ளூர் மரபு என்றார். அந்த 1.8039 லிட்டர் ஜப்பானின் ‘ஷோ’. 1895 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில் தீவில் நிலைத்தது. எழுத்து ஒன்று, பாத்திரம் வேறு. அதைப் போட்டால் தண்ணீர் 12.6 லிட்டராகிறது. பத்து நிமிடத்தில் கைவிட்டார்கள்.

இரண்டாவது யோசனைக்கு வலு இருந்தது. இன்று கையில் இருக்கும் பாடம் 1065-இல் சோங் அரசின் மருத்துவ நூல் திருத்த அலுவலகம் சரிபார்த்து அச்சிட்டது. அப்படியானால் சோங் காலத்து ஷெங்கையோ, அதற்கு முந்தைய தாங் காலத்தின் சுமார் 600 மில்லி ஷெங்கையோ வைத்தால் என்ன? மருந்தாளர் இரண்டு காரணம் சொல்லி மறுத்தார். பதிப்பாளர்கள் பாடத்தைத் திருத்தினார்களே தவிர, எண்களைத் தங்கள் காலத்து அளவுக்கு மாற்றி எழுதவில்லை. அடுத்தது, தாங் காலத்தில் பெரிய அளவு, சிறிய அளவு என்று இரண்டு இருந்தன. பெரியது சிறியதைப் போல மூன்று மடங்கு. வரிக்கும் வணிகத்துக்கும் பெரியது. இசைக்குழல் சுருதிக்கும், நிழலளவைக்கும், மருந்துக்கும் சிறியது என்று அரசு விதியே சொன்னது. அந்தச் சிறியது ஹான் அளவின் தொடர்ச்சி. மருந்துப் பெட்டிக்குள் பழைய ஷெங் சாகாமல் இருந்தது என்று சொல்லலாம்.

பாத்திரங்களை வைத்துச் சரிபார்த்தது

அகராதிகளில் தேடுவதை விட்டு, அளவு பொறித்து இன்றும் இருக்கிற பாத்திரங்களை வைத்துக் கணக்கிடுவது என்று தீர்மானித்தார்கள்.

முதலாவது, ச்சின் அமைச்சர் ஷாங் யாங்கின் சதுர ஷெங். கி.மு. 344-இல் ச்சின் நாட்டில் செய்த வெண்கலப் பெட்டி, நீண்ட கைப்பிடியோடு. இப்போது ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்நீளம் 12.4774 செ.மீ., அகலம் 6.9742 செ.மீ., ஆழம் 2.323 செ.மீ. பெருக்கினால் 202.15 கன செ.மீ. பெட்டியின் மேலேயே ‘பதினாறும் ஐந்தில் ஒன்றும் கன சுன் ஒரு ஷெங்’ என்று வெட்டியிருக்கிறது (சுன் நீள அளவு, ச்சியில் பத்தில் ஒன்று). 202.15-ஐ 16.2-ஆல் வகுத்து முப்படி மூலம் எடுத்தால் ஒரு சுன் 2.32 செ.மீ. வருகிறது. அந்தக் காலத்து ச்சி 23 செ.மீ.க்குச் சற்று மேல் என்பதோடு இது ஒத்துப்போகிறது.

இரண்டாவது, வாங் மாங்கின் சின் ஆட்சியில், கி.பி. 9-இல் வார்த்த ‘ஜியாலியாங்’. தைபேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே வெண்கலப் பாத்திரத்தில் ஐந்து அளவுகள்: நடுவுடல் ஹூ (10 தோ), அடிப்பக்கம் தோ, ஒரு காது ஷெங், மற்றக் காதின் மேற்புறம் கே, அதன் கீழ்ப்புறம் கே-யில் பாதியான யுவே. ஹூ 1,620 கன சுன் என்று பொறிப்பு சொல்கிறது; நூறால் வகுத்தால் ஷெங்குக்கு மறுபடியும் அதே 16.2. இந்தப் பாத்திரத்தின் ச்சி சுமார் 23.1 செ.மீ. 2.31-இன் முப்படி 12.326, அதை 16.2-ஆல் பெருக்கினால் 199.7 மில்லி.

சுமார் 350 ஆண்டு இடைவெளியில் செய்த இரண்டு பாத்திரங்கள் ஏறக்குறைய ஒரு சதவீத வேறுபாட்டில் நிற்கின்றன. குறிப்பு எழுதப்பட்டது இரண்டாவதுக்கு இரு நூற்றாண்டு பிந்தி. 200 மில்லி என்று வைப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

கணக்கு இப்படி மாறியது: 7 ஷெங் 1.4 லிட்டர், சுண்டியபின் 600 மில்லி, ஒரு வேளைக்கு 200 மில்லி, கஞ்சி 200 மில்லிக்குச் சற்று மேல். சியாவ் சாய்ஹூ தாங் 2.4 லிட்டரில் தொடங்கி 1.2 லிட்டர், பிறகு 600 மில்லி. எல்லாம் ஒரு வீட்டுச் சட்டிக்கும் ஒரு கிண்ணத்துக்கும் அடங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், மின் குக்கரோடு வரும் 180 மில்லி அரிசிக் கப் ஹான் ஷெங்குக்கு மிக நெருக்கம். அந்தக் கப்போ ஜப்பானிய அளவில் ஒரு ‘கோ’, அதாவது ஷோவில் பத்தில் ஒன்று. தைவான் சமையலறையில் இருப்பவருக்கு ஹான் ஷெங்கைக் காட்ட, ஷெங் என்று பெயர் சூட்டாத அந்தக் கப்தான் சரி.

எடை பக்கத்தில் நின்ற பிழை

தண்ணீர் சரியானதும் பலகையை முடித்துவிட்டதாக நினைத்தார்கள். மருந்தாளர் விகிதத்தை மறுபடி போட்டார்: 69 கிராமுக்கு 1.4 லிட்டர், இருபது மடங்கு. இன்னும் இடித்தது.

இந்த முறை பிழை அவர் தந்த எண்ணில். 3 லியாங்கை 9 கிராம் என்று எழுதுவது அலகு மாற்றம் அல்ல. ஹான் காலத்துக் கனத்த அளவை இன்றைய நோயாளிக்குக் குறைத்துத் தரும் மருத்துவ வழக்கம் அது. மிங் காலத்து மருத்துவர் லி ஷிஷென், பழைய ஒரு லியாங்குக்கு இப்போது ஒரு ச்சியன் போதும் என்று சொன்னதன் வழியில் வந்தது. ஒரு ச்சியன் லியாங்கில் பத்தில் ஒன்று. ஆக, பலகையின் ஒரு வரியில் அலகை மாற்றியிருந்தார்கள், இன்னொரு வரியில் மருந்தளவைக் குறைத்திருந்தார்கள்.

ஹான் லியாங் எந்த எடைக்கல்லை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து 13.8 முதல் 15.6 கிராம் வரை வருகிறது. ஷெங்கைப் போல இறுக்கமான ஒப்புதல் இங்கே கிடையாது. 11 லியாங் சரக்கு 152 முதல் 172 கிராம். இலந்தையோடு 188 முதல் 208. அதற்கு 1.4 லிட்டர் ஏறக்குறைய ஏழு மடங்கு. இன்று கஷாயம் காய்ச்சுகிறவர் கைப்பழக்கமாக ஊற்றும் அளவுக்குள் வந்துவிட்டது.

கொள்ளளவு எடையாகும் இடம்

இரண்டாவது பலகையில் சிக்கல் வேறு. சியாவ் சாய்ஹூ தாங்கில் பான்ஷியா என்னும் பின்னெலியா கிழங்கு ‘கழுவியது, அரை ஷெங்’ என்றிருக்கிறது. திரவம் அல்ல, கிழங்கு, அளந்தது படியால். மில்லியில் எழுதினால் பார்வையாளருக்குப் புரியாது. கிராமுக்கு மாற்றத் தராசு வேண்டும்.

வரைகலைஞர் 100 மில்லியை 100 கிராம் என்று போட்டிருந்தார். தண்ணீருக்குத்தான் அது செல்லும். உலர்ந்த கிழங்குகளுக்கு நடுவே காற்றுதான் பெரும்பங்கு. மருந்தாளர் செய்தது: 100 மில்லி கோட்டில் வெட்டிய பிளாஸ்டிக் குவளையில் முழுக் கிழங்குகளை ஒரே உயரத்திலிருந்து கொட்டி, தட்டாமல், அழுத்தாமல், மேலே சீவுகோலால் தலைதட்டி, எடை போட்டார். குவித்து அளந்தால் கணிசமாகக் கூடும். தட்டித் தட்டி அளந்தாலும் கூடும். அதனால் மூன்று முறை புதிதாகக் கொட்டி, மூன்றில் நடுவே வந்த எடையை எடுத்தார். 40 கிராமுக்குச் சற்று மேல் நின்றது.

இதற்குப் பழைய சாட்சியும் உண்டு. ஐந்து, ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருந்தறிஞர் தாவ் ஹோங்ஜிங், பான்ஷியா ஒரு ஷெங் என்றால் ஐந்து லியாங் எடையே சரி என்று குறித்திருக்கிறார். அரை ஷெங் இரண்டரை லியாங். கிராமில் 34 முதல் 39. தராசு சொன்னதற்குப் பக்கத்தில். ஷெங்கை 1 லிட்டராக வைத்தால் அரை ஷெங் பான்ஷியா 200 கிராமைத் தாண்டும், அதாவது 13 லியாங்குக்கு மேல். தாவ் சொன்னதற்கு ஐந்து மடங்கு. 200 மில்லிக்கு இது தனியான மூன்றாவது உறுதி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சேர்ந்தது. பச்சைப் பான்ஷியா நச்சு. இன்றைய சீன மருந்து நூல் பக்குவப்படுத்தியதை 3 முதல் 9 கிராம் என்கிறது. 40 கிராம் என்று வெறுமனே எழுதி வைத்தால் யாராவது படமெடுத்துக்கொண்டு போய்ச் செய்து பார்ப்பார்கள்.

எடுத்த முடிவுகள்

ஒரு குறிப்பில் வரும் எல்லா அளவும் ஒரே காலத்து மதிப்பில் மாற்றப்படும். இன்றைய மருந்தளவைப் பலகையிலிருந்து முழுக்க எடுத்தார்கள். ‘இது வரலாற்று அளவு, உட்கொள்ளும் அளவல்ல’ என்ற வரி எண்களுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் வந்தது. அடியில் பொடி எழுத்தில் போட வரைகலைஞர் விரும்பினார், ஏற்கவில்லை.

‘1.415 லிட்டர்’ என்று எழுதவில்லை. மூலம் முழு எண்ணில் ஏழு என்கிறது. நமக்குக் கிடைத்த பாத்திரங்களே சுமார் ஒரு சதவீதம் வேறுபடுகின்றன. ‘சுமார் 1.4 லிட்டர்’ போதும். 3 லியாங்குக்கு ‘41–47 கிராம்’ என்று வரம்பாகவே வைத்தார்கள்; ஒரு பலகையில் ஒன்று புள்ளியாகவும் இன்னொன்று வரம்பாகவும் இருப்பது அழகில்லை என்ற ஆட்சேபம் வந்தது. அறிவு அப்படித்தான் இருக்கிறது என்பதால் அப்படியே விட்டார்கள். சரியான முடிவு.

அதே அறையில் ச்சிங் காலத்துத் தானியப் பலகை ஒன்று இருந்தது. அங்கே ‘1 தோ = 10 லிட்டர்’ என்றிருந்தது. ச்சிங் அரசின் தர ஷெங் 31.6 கன சுன்; ச்சி 32 செ.மீ. என்பதால் 3.2-இன் முப்படி 32.768, பெருக்கினால் 1.0355 லிட்டர். தோ 10.35 லிட்டர். ஆனால் காட்சிக்கு வைத்திருந்தது இரவல் வாங்கிய மரத் தோ. அதில் தண்ணீர் ஊற்றி அளக்கக் கூடாது. மரம் ஊறும், மூட்டு கசியும். உலர்ந்த சிறுதானியத்தை நிரப்பித் தலைதட்டி, அதே தானியத்தை அளவுக்குழாயில் அதே உயரத்திலிருந்து கொட்டி அளந்தார்கள். 9 லிட்டரைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். ஊருக்கு ஒரு மரக்கால் பார்த்த நமக்கு இது புதிதல்ல. பலகையில் அரசுத் தரம் ஒரு வரி, இந்தப் பாத்திரத்தின் அளவு ஒரு வரி என்று எழுதினார்கள்.

பின்னர் நடந்தது

3 லிட்டர் சட்டியே போதுமானது. முதல் ஒத்திகையில் ஒரு தடுக்கல். 600 மில்லி எவ்வளவு உயரம் என்று தெரிய வெறும் சட்டியில் 600 மில்லி ஊற்றி, மூங்கில் குச்சியில் கோடு கிழித்தார்கள். சரக்கோடு காய்ச்சி அந்தக் கோட்டில் இறக்கி வடித்தால் 600-க்கு வெகுவாகக் குறைந்தது. சரக்கே சட்டியில் இடத்தை அடைத்து, தண்ணீர் மட்டத்தைத் தூக்கிக் காட்டியிருந்தது. அடுத்த முறை சரக்கை முதலில் ஊறவைத்து, வடித்து, அந்த ஈரச் சரக்கின் மேல் 600 மில்லி ஊற்றிக் கோடு போட்டார்கள்; பிறகு ஊறிய தண்ணீரையும் சேர்த்து 1.4 லிட்டராக்கினார்கள். சிறு தீயில் அந்தக் கோடு வரை காய்ச்சி வடித்தபோது 600-ஐ ஒட்டி வந்தது.

பலகைகள் திறப்பு விழாவுக்கு முன்பே மாறின. கையேடு ஏற்கெனவே அச்சாகியிருந்ததால் அதில் திருத்தச் சீட்டு ஒட்டினார்கள். ஒலி வழிகாட்டியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பலகை 1.4 என்று காட்ட, காதில் ‘ஏழு லிட்டர்’ என்று பத்து நாள் ஒலித்தது. ஒரு பார்வையாளர் கேட்ட பிறகுதான் மாறியது.

அடுத்த முறைக்கு மாற்றியவை

மொழிபெயர்ப்பாளரின் தாளில் இப்போது அலகுக்கு எதிரே நேராக மெட்ரிக் எண் வருவதில்லை. நடுவில் நான்கு கட்டங்கள்: குறிப்பு எழுதப்பட்ட காலம் (அச்சிட்ட காலம் அல்ல), வட்டாரம், எந்தப் பாத்திரம் அல்லது எந்தச் சட்டம், அளந்த பொருள் திரவமா தானியமா. நான்கும் நிரம்பாமல் ஐந்தாவது கட்டத்தில் எண் எழுதக் கூடாது.

‘தான்’ என்ற அளவுக்குத் தனிக் குறி வைத்தார்கள். அதே எழுத்து முகத்தலில் 10 தோ, எடையில் ஹான் காலத்தில் 120 ஜின். ‘ஹூ’-வுக்கும் அப்படியே: ஜியாலியாங்கில் 10 தோ, தென் சோங்கின் கடைசியில் 5 தோவாகக் குறைந்தது. ஹூவைக் காலம் பார்க்காமல் மாற்றினால் பிழை நேர்பாதியாக இருக்கும். பாதிப் பிழையைச் சட்டி காட்டிக் கொடுக்காது.

விகிதச் சோதனை இரண்டாவது வரைவிலேயே நடக்கிறது: தண்ணீர் சரக்கைப் போல எத்தனை மடங்கு, ஒரு வேளை ஒரு கிண்ணத்தில் அடங்குமா. ஓர் எண் வந்து உட்காரும் இடங்கள் அனைத்துக்கும் பட்டியல் இருக்கிறது. பலகை, கையேடு, செய்முறைத் தாள் ஆகியவற்றுக்குக் கீழே, பேனாவால் பின்னர் சேர்த்தது: ஒலி வழிகாட்டி.